நாலடி ஓடையும் வாழ்க்கைத்தர சமிதியும்

ராபின்சன் மேஸ்திரிக்கு ஸ்லாப் வார்க்கத் தெரியும். இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கிற வேலை அது. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து பாலராமபுரம் வரைக்கும் அவன் ஓடைகளின் மேல் வார்த்துக் கொடுத்த ஸ்லாப்களில் இன்றைக்கும் லாரி ஏறி இறங்குகிறது. அவன் வீட்டு முன்னால் இருந்த ஓடைக்கு மட்டும் ஸ்லாப் கிடையாது.

சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிய ஓடை அது. நாலடி அகலம், நெஞ்சளவு ஆழம். கேட் உள்ள வீடுகளுக்கெல்லாம் ஸ்லாப் போட வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. ராபின்சனின் வீட்டுக்கு இரண்டு கல்தூண்தான் உண்டு, கேட் இல்லை. கேட் இல்லாத வீட்டிலிருந்து யாரும் வெளியே வரமாட்டார்கள் என்று அளக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ராபின்சன் ஒரு தென்னந்தடியைக் குறுக்கே போட்டுக்கொண்டான்.

தடியில் அவன் தனியாக நடந்தவரை தொந்தரவு இல்லை. போன வருடம் அவன் மனைவி சரோஜத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நெய்யாற்றின்கரைக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஆட்டோ சாலையில் நிற்கும். ராபின்சன் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு தடிமேல் அடி அளந்து நடப்பான். நாற்பத்திரண்டு கிலோ. சிமெண்டு மூட்டையைவிட எட்டுக் கிலோ குறைவு.

"விழுந்தா ரெண்டு பேரும் சேந்தாக்கும் விழணும். என்னை மட்டும் விட்டுடப்பிடாது, கேட்டேரா?" என்று நடுத்தடியில் வைத்து அவள் ஒவ்வொரு முறையும் சொல்லுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, கம்பி வளைத்து, பலகை அடித்து, மணலும் சிமெண்டும் சல்லியும் கொட்டிக் கலக்க ஆரம்பித்தான். சாயங்காலத்துக்குள் வார்த்துவிடலாம். அப்போதுதான் சமிதி வந்தது.

சமிதியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரு சென்ட் நிலம் வாங்க வக்கில்லாமல் தெற்கே தெற்கே என்று தள்ளிக்கொண்டு வந்தவர்கள் நெய்யாற்றின்கரை தாண்டிப் பாறசாலைவரை வந்து வீடு கட்டினார்கள். வரும்போது நகரத்து விலையையும் கூடவே கொண்டுவந்தார்கள். மத்தி மீனிலிருந்து மரச்சீனிக் கிழங்கு வரைக்கும் எல்லாம் ஏறியது. ஏறிய விலைக்குத் தக்க வாழ்க்கை இல்லையே என்று அவர்களுக்கே மனம் வெந்தது. அப்படிப் பிறந்ததுதான் மகாநகர வாழ்க்கைத்தர ஜனகீய சமிதி, அதாவது மக்கள் குழு. தலைவர் விஜயதாஸ், தலைநகரத்து அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குளிக்கப் போனாலும் கையில் பைல் இருக்கும். செயலாளர் பிஜி, நிலத்தரகர். "நகரத்து விலை கொடுக்கிறோம், நகரத்து வாழ்வு தா!" என்பது முழக்கம். நல்ல முழக்கம்தான். யாரைப் பார்த்துப் போடுவது என்று மட்டும் அதுவரை முடிவாகவில்லை.

"நிறுத்து, நிறுத்து! என்னவாக்கும் செய்யிய?" என்றார் விஜயதாஸ்.

"ஸ்லாப் வார்க்கியேன் சாரே. வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரி போவணும்."

"நீயாட்டு, சொந்தமாட்டா?"

"நானாட்டுதான்."

விஜயதாஸ் அவன் தோளில் அன்பாகக் கை வைத்தார். "ராபின்சா, நீயே ஸ்லாப் போட்டா ஒனக்க பிரச்சினை தீந்துபோவும். தீந்துபோனா போராட்டம் எங்க நிக்கும்? நாங்க வீடு வீடா ஏறி இறங்கிக் கணக்கெடுத்தாச்சு. இந்த வார்டிலே ஸ்லாப் இல்லாத ஒரே வீடு ஒனக்கதாக்கும். எங்களுக்கு ஆகெ இருக்கியது நீ ஒருத்தன்."

ராபின்சனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் ஊற்றிய கலவை காத்திருக்காது என்பது மட்டும் தெரியும். மம்பட்டியை எடுத்தான். பிஜி ஓங்கி ஓர் அறை விட்டான். ராபின்சன் கலவைமேல் விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தவனை இரண்டு பேர் முதுகில் மிதித்தார்கள். கலவையை ஓடையில் தள்ளினார்கள், பலகையை உடைத்தார்கள், வளைத்த கம்பியைத் ஆதாரத்துக்கு வேண்டும் என்று தூக்கிக்கொண்டு போனார்கள். சமிதியின் முதல் நடவடிக்கை அது. 'மக்களோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டது' என்று அன்றைய மினிட் புத்தகத்தில் இருக்கிறது.

"எதுக்காக்கும் அடிச்சினும்?" என்று வாசலிலிருந்து சரோஜம் கேட்டாள்.

"நம்மளுக்க வாழ்க்கைத் தரத்துக்காக்கும் பிள்ளே," என்றான் ராபின்சன், வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டு.

அடுத்த மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் தொடக்க விழா. ராபின்சனை முன்வரிசையில் உட்கார்த்தி 'பாதிக்கப்பட்டவர்' என்று சட்டையில் சீட்டுக் குத்தியிருந்தார்கள். பிரார்த்தனை, வரவேற்புரை, தலைமையுரை, விளக்கேற்றித் தொடங்கிவைத்தல், பதினொரு பேரின் வாழ்த்துரை, நன்றியுரை. அவ்வளவும் அச்சடித்த காகிதத்தில் இருந்தன. ஸ்லாப் என்ற சொல் அதில் இல்லை.

குத்துவிளக்கில் திரி ஐந்து. அழைக்கப்பட்ட பிரமுகர்கள் ஆறு. ஐந்து பேர் ஏற்றி முடித்தபோது ஆறாவது ஆளான ஓய்வுபெற்ற பேராசிரியர் எரியும் மெழுகுவர்த்தியோடு நின்றார். அவரைக் கூட்டிவந்தது பிஜி. ஏற்றிய திரியையே இன்னொரு தடவை ஏற்றினால் போதும் என்றார் விஜயதாஸ். அணைத்துவிட்டு ஏற்றட்டும் என்றான் பிஜி. ஏற்றிய விளக்கை அணைப்பது அமங்கலம் என்று விஜயதாஸின் மைத்துனன் சொன்னான். பேராசிரியர் மெழுகுவர்த்தியை அவன் மீசையில் வைத்தார்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. நாற்காலிகள் பறந்தன. பாலராமபுரத்துப் பொன்னாடைகளால் கழுத்தை முறுக்கினார்கள். ஒருவனுடைய முன்பல் இரண்டு மைக்கில் பதிந்து, கடைசிவரை அதில் ஒரு விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ குத்துவிளக்கைத் தூக்கிச் சுழற்றினார்கள். சண்டையில் சேராமல் உட்கார்ந்திருந்தவன் ராபின்சன் ஒருவன்தான், அதனால் குறி தப்பவில்லை. தலையில் ஆறு தையல்.

விஜயதாஸ் மட்டும் பேச்சை நிறுத்தவில்லை. "அன்பு நிறைஞ்ச நாட்டுக்காரே! இஞ்ச நடக்கியது அடியாக்கும்ணு ஆரும் தெற்றா நினைக்கண்டாம். இது கருத்து வேறுபாடு. நாலு கருத்து எழும்பி நாற்காலியை வீசினா அதுக்குப் பேரு ஜனநாயகம். அமெரிக்காவிலே இதைவிடப் பெரிய நாற்காலியாக்கும்!"

மறுநாள் சமிதி இரண்டானது. பிஜியின் தலைமையில் 'யதார்த்த' வாழ்க்கைத்தர சமிதி. பழையதற்கு நீலக் கொடி, யதார்த்தத்துக்குப் பச்சைக் கொடி. இரண்டு சமிதிக்கும் பாதிக்கப்பட்டவன் ஒருவன்தான். நீலக்காரர்கள் வலது கையைப் பிடித்து ஊர்வலத்துக்கு இழுப்பார்கள், பச்சைக்காரர்கள் இடது கையைப் பிடித்து உண்ணாவிரதத்துக்கு இழுப்பார்கள். ஒருநாள் வலது தோள்மூட்டு கழன்றது. வைத்தியர் எண்ணெய் போட்டு ஏற்றிவிட்டு, ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றார். மறுநாள் திங்கள்கிழமை. ராபின்சன் சரோஜத்தைத் தூக்கினான்.

இந்த நேரத்தில், ஓடைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து என்ஜினியர் ஒருவர் புதன்கிழமை காலையில் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. பிரிந்த நாளிலிருந்து ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு சமிதிகளும் முதல்தடவையாக ஒத்துப்போயின. புதன் விடிந்ததும் மரம் அறுக்கும் மெஷினோடு வந்தார்கள்.

"தடி கிடந்தா பாலம் உண்டுண்ணு எழுதீட்டுப் போவான். எடுத்து மாற்றுலே," என்றான் பிஜி.

ராபின்சன் தடிமேல் குப்புறப் படுத்து அதைக் கட்டிக்கொண்டான். "இன்னைக்கு புதன் சாரே. அவளுக்கு ஏழு மணிக்கு மெஷின் சாரே." விரல்களில் மிதித்தார்கள். விடவில்லை. விலாவில் உதைத்தார்கள். கடைசியில் அவனைத் தடியோடு சேர்த்து உருட்டி ஓடையில் தள்ளிவிட்டு, தடியை மட்டும் மேலே எடுத்து மூன்று துண்டாக அறுத்தார்கள்.

ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. சரோஜம் பையும் தண்ணீர்க் குப்பியுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஓடை வழியாகத் தூக்கிப் போகிறேன் என்றான் ராபின்சன். அவள் வெளியே போக முடியாமல் கிடப்பதை என்ஜினியர் கண்ணால் கண்ட பிறகு போகலாம் என்று நாலு பேர் அவனைப் பிடித்துவைத்தார்கள். என்ஜினியர் பதினொன்றேகாலுக்கு வந்தார். இளநீர் குடித்துவிட்டு ஓடையை எட்டிப் பார்த்தார்.

"எனக்கு நல்ல வருத்தம் உண்டு," என்றார். "ஆனா மார்க்கு பாத்தாக்கும் ஸ்லாபு அனுவதிக்கியது, வருத்தத்துக்கு மார்க்கு கிடையாது பாருங்க. காயத்துக்கு ஒண்ணு, எலும்பு முறிஞ்சா ரெண்டு, மரணத்துக்கு நூறு. நூறு வந்தா மறுநாளே கிரேன் வரும். உங்களுக்கு இதுவரைக்கும் ஏழாக்கும். நான் மனுஷத்தன்மை உள்ளவன், அதனாலே சொல்லுதேன், கொஞ்சம் முயற்சி செய்யணும். ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கிடுங்க. மரணம் ரெண்டாகப்பிடாது. ரெண்டுண்ணா அது பாலம் செக்ஷன். பைலு முதல்லேந்து துவங்கணும்."

விஜயதாஸ் பைலில் குறித்துக்கொண்டார். பிஜி கைபேசியில் குறித்துக்கொண்டான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ராபின்சனைப் பார்த்தார்கள். நம்மேல் இவர்களுக்கு இரக்கம் வந்துவிட்டது என்று அந்த மண்டூகம் நினைத்துக்கொண்டது.

சரோஜத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடைச் சேற்றில் இறங்கி ஏறி, ஆஸ்பத்திரி சேர்ந்தபோது பகல் ஒரு மணி. அவளுடைய முறை போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலையில் கண்டிப்பாக வந்துவிட வேண்டும், தவறக் கூடாது என்று நர்ஸ் அவள் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வியாழக்கிழமை ஊர்வலம். நீலம் வடக்கிலிருந்து வந்தது, பச்சை தெற்கிலிருந்து வந்தது. கொடி ஒரு முழம், கொடிக்கம்பு ஆள் உயரம். வெள்ளிக்கிழமைக் கவலையோடு தன் வீட்டை ஒட்டிய முக்கில் நின்றிருந்த ராபின்சனுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் முழக்கம் கேட்டது, பிறகு கற்கள் வந்தன, பிறகு கம்புகள் வந்தன. மண்டைகள் பிளந்தன. வாழ்க்கைத் தரம் வேண்டும் என்று கத்திக்கொண்டே ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்துத் துப்பினான். ராபின்சனின் பின்மண்டையில் விழுந்த அடி எந்தச் சமிதியுடையது என்று சொல்ல முடியாது. கொடியில்தான் நிறம் உண்டு, கம்பில் கிடையாது. அவன் சரிந்து தன் வீட்டு ஓடையிலேயே விழுந்தான்.

அவனோடு வேலைக்குப் போகும் சுயம்பு இறங்கித் தூக்கி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். உயிர் இருந்தது. அதை விசாரிக்க யாருக்கும் நேரம் இல்லை. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதற்குள் முக்கில் 'ஆதராஞ்சலிகள்' என்ற இரங்கல் பலகை எழும்பிவிட்டது. அங்கே சாவை உறுதிசெய்வது டாக்டர் அல்ல, ஃப்ளெக்ஸ்தான். கல்யாணப் படத்திலிருந்து சரோஜத்தை வெட்டி நீக்கிவிட்டு ராபின்சனை மட்டும் போட்டிருந்தார்கள். அவள் விரல்கள் நாலு அவன் தோளிலேயே இருந்தன. மறுநாள் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஹர்த்தால் என்று இரண்டு சமிதிகளும் அறிவித்தன. பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி வாகனம் மூன்றுக்கும் விலக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் ராபின்சன் கண் விழித்தான். "இன்னைக்கு வெள்ளியா?" என்றுதான் முதலில் கேட்டான்.

"வெள்ளிதான் மேஸ்திரி. ஆனா நீரு செத்துப்போனீரு," என்றான் சுயம்பு. "ஒமக்குவேண்டி ஹர்த்தாலு. ஒரு வண்டி கிடையாது."

கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ராபின்சன் நடந்தான். சுயம்பு பின்னாலேயே ஓடினான். வழியில் கண்ணாடி நொறுங்கிய பஸ் ஒன்று கிடந்தது. ஷட்டரைப் பாதி திறந்த டீக்கடைக்காரனை அவனுடைய கொதிகெண்டியாலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். முக்கில் இவனையும் பிடித்தார்கள்.

"ஒரு மனுஷன் செத்துக் கிடக்கியான். ஒனக்கு என்னலே நடை?"

"செத்தது நானாக்கும் மக்கா."

செத்தவனைக் கேலி செய்கிறான் என்று அவர்களுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ராபின்சனுக்காக ராபின்சனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். சத்தம் கேட்டு விஜயதாஸும் பிஜியும் வந்தார்கள். இருவருக்கும் ஆளைத் தெரிந்தது. மற்றவர்களை விலக்கிவிட்டு, பலகைக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள்.

"ராபின்சா, நாலு மணிக்கு ஸ்லாபு உத்தரவிலே கையெழுத்து போடுகினும்," என்றார் விஜயதாஸ். "அதுவரைக்கும் நீ கொஞ்சம் செத்து இரு. நான் சர்வீஸிலே முப்பத்தொண்ணு வருஷம் அப்பிடித்தான் இருந்தேன். ஒரு குறையும் வரல்ல."

"சரோஜத்துக்கு இன்னைக்கு டயாலிசிஸ் சாரே."

"அதுக்குத்தானேடே ஸ்லாபு!"

அவர்கள் கையைத் தட்டிவிட்டு ராபின்சன் வீட்டுக்கு ஓடினான். சரோஜம் கட்டிலில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கிக் கண் சின்னதாகியிருந்தது.

"நீங்க போய்ட்டேருண்ணு எல்லாரும் வந்து கரைஞ்சு அழுதினும்," என்றாள். "நான் நம்பல்ல. வெள்ளிக்கிழமையாச்சே, வராம இருப்பேரா?"

சுயம்பு அவளுடைய பையை எடுத்துக்கொண்டான். ராபின்சன் அவளை முதுகில் ஏற்றினான். ஓடையில் இறங்கி, ஏறி, முக்குக்கு வந்தான். மறுபடியும் மறித்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு விலக்கு உண்டுண்ணு நீங்கதானே அறிவிச்சிய?" என்று சுயம்பு கத்தினான்.

"ஆஸ்பத்திரி வாகனத்துக்காக்கும் விலக்கு. இது நடை. வாகனம் எங்க?" என்றான் பிஜி.

"நான்தான் வாகனம்," என்றான் ராபின்சன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஹர்த்தால் நாளில் வாகனத்தை என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. முதலில் கண்ணாடியை உடைத்தார்கள். அவனிடம் கண்ணாடி இல்லை, சரோஜத்தின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அடுத்தது காற்றைப் பிடுங்குவது. வயிற்றில் விட்ட குத்தில் ராபின்சன் மடங்கினான், ஆனால் அவளைக் கீழே விடவில்லை. முழங்காலில் உட்கார்ந்து மெதுவாக இறக்கினான். தடுக்க வந்த சுயம்புவின் கை முறிந்தது. அக்கம்பக்கத்தவர் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். வழியில் போட்ட பனந்தடியைத் தாண்ட முடியாமல் அது திரும்பிப் போயிற்று. ஆறு மணிவரை ராபின்சன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் படத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். நாலு மணிக்கு உத்தரவில் கையெழுத்து விழுந்தது. பட்டாசு வெடித்தார்கள். ஆறு மணிக்கு ஹர்த்தால் மகத்தான வெற்றி என்று சொல்லி ஆட்டோவை விட்டார்கள். ஆட்டோ அமரவிளை தாண்டும்போது சரோஜம் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிரேன் வந்து ஸ்லாபை இறக்கியது. என்ஜினியர் வாக்குத் தவறவில்லை. இரண்டு ஓரத்திலும் சிவப்பு நாடா கட்டினார்கள். ஒரு பக்கம் நீலக்கொடி, ஒரு பக்கம் பச்சைக்கொடி. மூன்று மணிக்குத் திறப்பு விழா. இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சரோஜத்தின் பெட்டி வந்தது. வீட்டில் வைத்து ஜெபம் சொல்லி, பிறகுதான் சபைக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிஜி ஓடிவந்தான். "அண்ணே, ஒரு மணிக்கூறு வண்டியிலேயே இருக்கட்டு. மரணம் ரெண்டுண்ணு கண்டா பைலு பாலம் செக்ஷனுக்குப் போயிரும்."

விஜயதாஸ் இன்னும் நயமாகச் சொன்னார். "அவசரமுண்ணா ஓடை வழியே இறக்கிக் கொண்டுபோ ராபின்சா. அவளுக்குப் பழக்கம்தானே."

ராபின்சன் அவர் முகத்தைப் பார்த்தான். பெட்டியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பின்பக்கத்தைக் கூட்டாளிகள் மூன்று பேர் பிடித்தார்கள். நாடாவை நெஞ்சால் அறுத்துக்கொண்டு ஸ்லாப்மேல் கால் வைத்தான்.

நீலமும் பச்சையும் ஒன்றாகப் பாய்ந்தன. கம்பு தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது, தையல் போட்ட தலையிலேயே விழுந்தது. கையை எடுத்திருந்தால் தடுத்திருக்கலாம். அவன் எடுக்கவில்லை. ரத்தம் கண்ணில் இறங்கியதால் வழி தெரியாமல், காலால் தடவித் தடவி நடந்தான். ஸ்லாபின் நீளம் ஆறடி. ஒரு தடவைகூடப் பெட்டி சாயவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சரோஜத்தைக் கட்டில் பக்கத்தில் வைத்த பிறகுதான் விழுந்தான்.

மூன்று மணிக்குப் புது நாடா கட்டினார்கள். ஸ்லாபில் கிடந்த ரத்தத்தைக் கழுவிவிட்டார்கள், சிறப்பு விருந்தினர் நாடாவை வெட்டினார். வரவேற்புரை, தலைமையுரை, பதினொரு வாழ்த்துரை. நன்றியுரைக்கு முன்னால், வாழ்க்கைத் தரத்துக்காக உயிரைக் கொடுத்த ராபின்சனுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. எல்லாரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள்.

முழு அமைதி. பதினைந்து அடி தள்ளி, வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண்பிள்ளை வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது.

விஜயதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மௌனம் கலைந்துவிட்டதால், அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்றும், எல்லாரும் முதலிலிருந்து இன்னொரு நிமிடம் நிற்க வேண்டும் என்றும் மைக்கில் கேட்டுக்கொண்டார்.